முதுமையில் வீதிக்கு வரும் வாயில்லாச் சீவன்கள்

நாய் வளர்ப்பதென்றால் குட்டியாக எடுத்து வளர்க்க வேண்டும் என்பதுதான் எமது ஊர்களில் வழக்கம். அதிலும் கடுவன் குட்டிக்குத்தான் கேள்வி அதிகம். பெட்டைக் குட்டிகளை உரப்பையில் போட்டுச் சந்தையடியிலோ கோயில் வாசலிலோ இரவோடு இரவாகக் கொண்டுபோய் விட்டுவிடுவார்கள். அவற்றுள் தப்பிப் பிழைப்பவை சிலவே. அப்படிப் பிழைத்தோ, ஒரு வீட்டில் வளர்ந்தோ, பத்து வயதைத் தாண்டிவிட்ட நாயைப் பற்றி எவரும் யோசிப்பதில்லை. கிழட்டு நாயை யாராவது கேட்டு வாங்கியதாக நீங்கள் கேள்விப்பட்டிருக்கிறீர்களா?

ஆனால் வடக்கிலே இன்று வீதியில் நிற்கும் நாய்களில் கணிசமானவை முதிய நாய்களே. எங்கிருந்து வந்தன இவை? வயோதிபப் பெற்றோர் தனியாக இருந்த வீடுகளைப் பாருங்கள். பிள்ளைகள் கனடாவிலும் பிரான்சிலும் இருப்பார்கள். அப்பு போனபின் ஆச்சி ஒரு நாயுடன் காலம் கழிப்பார். ஒருநாள் ஆச்சியும் கண்ணை மூடிவிடுவார், அல்லது பிள்ளைகள் வந்து அழைத்துச் செல்வார்கள். வீடு பூட்டப்படும். நாய் படலைக்கு வெளியே நிற்கும். 2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியின்போது, அரிசி கிலோ 200 ரூபாவைத் தாண்டி நின்ற நாட்களில், எங்கள் சந்தையடியில் அதற்கு முன்னர் கண்டிராத நாய்கள் பலவற்றைக் கண்டேன். கழுத்தில் பட்டி கட்டிய தழும்பு இருந்தது. வீட்டு நாய் என்பதற்கு அதைவிட வேறு சாட்சி வேண்டியதில்லை.

இக்கட்டுரையை எழுதும் நான் மிருக வைத்தியரும் அல்ல, மிருகநலச் சங்கமொன்றின் அங்கத்தவரும் அல்ல. கிளிநொச்சி மாவட்டத்தில் இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுத்து வாழ்பவள். எனது கணவர் 2009 இல் காணாமற்போனவர்களில் ஒருவர். மாமியும் மகளும் நானுமாக 2010 இல் மீளக்குடியேறினோம். ஒரு முதிய நாயைப் பொறுப்பேற்று இரண்டரை ஆண்டுகள் பராமரித்ததில் நான் அறிந்துகொண்டவற்றை, என்னைப்போலத் தனித்துக் குடும்பம் நடத்தும் பெண்களுடன் பகிர்ந்துகொள்ளவே எழுதுகிறேன்.

குரைப்பும் நாமும்

முதலில் ஒரு விடயத்தை மனந்திறந்து பேச வேண்டும். நாயைப் பற்றி எமக்குள்ள எண்ணம் மற்றவர்களுக்குள்ளதைப் போன்றதல்ல. நடுச்சாமத்தில் நாய் குரைத்தால் தெருவில் யாரோ வருகிறார்கள் என்பதையே அது எமக்குச் சொன்ன காலம் ஒன்று இருந்தது. வருபவர் யார், யாரைத் தேடி வருகிறார் என்று நெஞ்சு அடித்துக்கொள்ள, விளக்கை அணைத்துவிட்டுப் பிள்ளையின் வாயைப் பொத்திக்கொண்டு இருந்திருக்கிறோம். இன்றைக்கும் இரவில் நாய்கள் ஒன்றுசேர்ந்து குரைத்தால் எனக்குத் தூக்கம் போய்விடும். எமது சங்கத்துக்கு வரும் பெண்களில் பலருக்கும் இப்படித்தான். இதைச் சொல்ல வெட்கப்பட ஒன்றுமில்லை.

இன்னொன்று, விட்டுவிட்டு வந்த நினைவு. மாமி வலிகாமத்தைச் சேர்ந்தவர். 1995 ஒக்டோபர் 30 இல் ஊரே எழும்பி நடந்தபோது, கட்டியிருந்த நாயை அவிழ்த்துவிட்டு வந்தவர். "அவிழ்த்து விட்டால் எங்கையெண்டாலும் திண்டு தப்பும் எண்டு நினைச்சன். அது செம்மணி வரைக்கும் பின்னால வந்தது" என்பார். அதற்குமேல் சொல்லமாட்டார். 2008 இன் பிற்பகுதியில் நாங்கள் வீட்டைவிட்டு உழவு இயந்திரத்தில் ஏறியபோதும் எங்கள் நாய் கொஞ்சத் தூரம் ஓடிவந்தது. மெனிக் பாம் முகாமிலிருந்து திரும்பி வந்து பார்த்தபோது கிணறும் இரண்டு சுவருமே மிச்சம். ஊருக்குள் எலும்பும் தோலுமாகச் சில நாய்கள் திரிந்தன. அவை மனிதரைக் கண்டால் ஓடின. ஒன்றிரண்டு மட்டும் ஒவ்வொரு வாகனமாகப் பார்த்துக்கொண்டு நின்றன.

ஆகவே இனி நாய் வேண்டாம் என்று முடிவெடுத்த வீடுகள் எம்மில் நிறைய உண்டு. எங்கள் வீடும் அப்படித்தான் இருந்தது.

ராணி வந்த விதம்

2022 ஆவணி மாதம். எங்கள் ஒழுங்கையின் முடிவில் தனித்திருந்த ஆச்சி இறந்துபோனார். பிள்ளைகள் வெளிநாட்டிலிருந்து வந்து எட்டுச் செலவு செய்து, வீட்டைப் பூட்டித் திறப்பை உறவினரிடம் கொடுத்துவிட்டுப் போனார்கள். ஆச்சியின் நாய் ராணி படலையடியில் கிடந்தது. செம்மண் நிறப் பெட்டை நாய். முகம் முழுவதும் நரைத்திருந்தது. காலையில் இடியப்பப் பெட்டியுடன் சைக்கிளில் போகும்போது பார்ப்பேன். திரும்பி வரும்போதும் அதே இடத்தில் கிடக்கும். மூன்றாம் கிழமை அது எழும்பவில்லை. காதோரமெல்லாம் உண்ணி.

தூக்கிவந்தபோது மாமி திண்ணையில் இருந்தார்.

"உனக்கென்ன விசரே பிள்ளை? எங்கட வாய்க்கே வழியில்லை. இதுக்கும் சேர்த்து ஆர் உழைக்கிறது?"

பக்கத்து வளவு அக்கா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார். "எடுக்கிறதெண்டால் ஒரு குட்டியை எடன். இது இண்டைக்கோ நாளைக்கோ எண்டு கிடக்கு."

இருவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அந்த நாட்களில் எரிவாயு இல்லை, மண்ணெண்ணெய் இல்லை, விறகுக்கு அலைந்து திரிந்தோம். மகள் சாதாரண தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். ஒரு கோப்பைச் சோறு என்பது கணக்குப் பார்க்கவேண்டிய ஒன்றாகவே இருந்தது. ஒரு கிழமை பார்ப்போம், எழும்பாவிட்டால் விதி என்று மாமியிடம் சொன்னேன்.

கால்நடை வைத்தியர் பல்லைப் பார்த்துத்தான் வயதைச் சொன்னார். நாய்க்கு முன்பற்களின் முனை வயது ஏற ஏறத் தேய்ந்து தட்டையாகிவிடும். "பத்துக்குக் குறையாது, நெஞ்சு நல்லாயிருக்கு" என்றார். சோகை இருந்தது. உண்ணிக் காய்ச்சல் என்று ஒன்று உண்டு. உண்ணி கடிக்கும்போது இரத்தத்தில் புகும் கிருமி இரத்த அணுக்களை அழித்துவிடும். முரசு வெளிறிப்போய், சிறுநீர் தேயிலைச் சாயத்தின் நிறத்தில் போகும் நாயைக் கண்டால் தாமதிக்கக் கூடாது என்பதை அன்றுதான் தெரிந்துகொண்டேன். மருந்துத் தட்டுப்பாட்டுக் காலம் என்றபடியால் ஊசியில் பாதியை வெளியில் வாங்க வேண்டியிருந்தது. பெட்டை நாய் என்பதால் கருத்தடை செய்வது நல்லது, ஆனால் இந்த உடம்பு தாங்காது, தேறட்டும் பார்ப்போம் என்று வைத்தியர் சொல்லி அனுப்பினார்.

ஐந்தாம் நாள் ராணி தானாக எழும்பி, திண்ணையைச் சுற்றி மணந்து பார்த்து, மாமியின் பாயின் ஓரத்தில் போய்ப் படுத்துக்கொண்டது. மாமி துரத்தவில்லை. துரத்துவதற்குக் காலை நீட்டியவர் அப்படியே விட்டுவிட்டார்.

முதிய நாயின் இயல்பு

குட்டி நாயை வளர்ப்பதைவிட முதிய நாயை வைத்திருப்பது பல வகையில் இலகுவானது. இதை நான் பெருமைக்குச் சொல்லவில்லை. குட்டி செருப்பைக் கடிக்கும், கோழியைத் துரத்தும், இரவெல்லாம் அழும், வளவெங்கும் அசுத்தம் செய்யும். வளர்ந்து பெரிதானால் என்ன குணத்துடன் வரும் என்பதும் தெரியாது. முதிய நாயின் குணத்தை நீங்கள் எடுப்பதற்கு முன்னரே பார்த்துக்கொள்ளலாம். பிள்ளைகளுடன் எப்படி, கோழி ஆட்டுடன் எப்படி என்பது ஊருக்கே தெரிந்திருக்கும். வீட்டுக்குள் அசுத்தம் செய்யாது. பெரும்பொழுதைத் தூங்கிக் கழிக்கும். தேவையில்லாமல் குரைக்காது. ராணி எங்களிடம் இருந்த காலத்தில் இரவில் குரைத்தது மிகக் குறைவு. அப்படிக் குரைத்தபோதெல்லாம் வேலியோரம் பன்றியோ பாம்போ இருந்தது. காரணமில்லாமல் குரைக்காத நாயுடன் பழகப் பழக, குரைப்பொலிக்கு நான் பயப்படுவதும் குறைந்தது. மற்றவர்களுக்கும் அப்படி நடக்கும் என்று நான் உறுதி கூறமாட்டேன்.

உணவு விடயத்தில் எமது பழக்கங்கள் சிலவற்றை மாற்ற வேண்டும். மிச்சக் கறியைச் சோற்றுடன் குழைத்து வைப்பதே வழக்கம். வெங்காயமும் உள்ளியும் நாயின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைப்பவை. உப்பும் உறைப்பும் முதிய நாயின் சிறுநீரகத்துக்கும் குடலுக்கும் ஆகாதவை. அவித்த கோழி எலும்பு கூராக உடைந்து தொண்டையிலோ குடலிலோ குத்தும். முந்திரிகை வற்றலும் சொக்கலேற்றும் நஞ்சு. சரி, எதைக் கொடுப்பது? நான் கொடுத்தவை எல்லாம் எளியவை. சோற்றைக் கஞ்சிப் பதத்தில் குழைய விட்டு, சூடை மீனையோ மீன் தலையையோ உப்பில்லாமல் அவித்து, முள்ளைக் கையால் எடுத்துவிட்டுப் பிசைவேன். பூசணிக்காய் இருந்தால் ஒரு துண்டு அவித்துச் சேர்ப்பேன். மீன் தலைகளைச் சந்தையில் வெட்டும் தம்பி காசில்லாமல் தந்தான். பல் போன நாய்க்கு ஒரே தடவையில் நிறைய வைப்பதைவிட, காலை ஒரு கை, மாலை ஒரு கை என்று பிரித்து வைப்பதே நல்லது. தண்ணீர்ப் பாத்திரம் எப்போதும் நிரம்பியிருக்க வேண்டும்.

மனிதருக்குரிய குளிசைகளைக் கொடுக்கவே கூடாது. நொண்டுகிறதே என்று இரக்கப்பட்டு ஐபுபுறூபன், டைக்குளோபினக் போன்ற வலிக் குளிசைகளைக் கொடுத்தால் இரைப்பையில் புண் வந்து இரத்தம் கசியும், சிறுநீரகம் கெடும். பனடோலையும் வைத்தியரைக் கேளாமல் கொடுக்கலாகாது. சொறிக்குக் கழிவு எண்ணெயும் உண்ணிக்கு மண்ணெண்ணெயும் பூசும் வழக்கம் எங்கள் பக்கத்தில் இன்னமும் உண்டு. தோல் வெந்துவிடும், நக்கினால் உள்ளே போய் ஈரலைத் தாக்கும். உண்ணிக்கும் சொறிக்கும் இப்போது நல்ல மருந்துகள் கால்நடை வைத்தியரிடம் கிடைக்கின்றன.

முதிய நாயின் கண் நீலம் பூத்தாற்போலத் தெரியும். உடனே குருடு என்று எண்ண வேண்டாம். வயதினால் கண்வில்லை தடிப்பதால் வருவது அது, பார்வை பெரும்பாலும் இருக்கும். பால்போல் வெள்ளையாக மறைத்தால்தான் கண்புரை. காது மந்தமான நாயைப் பின்னால் போய்த் திடீரென்று தொடக் கூடாது. திடுக்கிட்டுக் கடிக்கக்கூடும். காலால் நிலத்தை ஒரு தட்டுத் தட்டினால் அதிர்வை உணர்ந்து திரும்பும். இதை வீட்டுப் பிள்ளைகளுக்கு முதல் நாளே சொல்லிக்கொடுக்க வேண்டும். மூட்டு வலியுள்ள நாயைச் சீமெந்துத் தரையில் படுக்க விடாமல், இரண்டு சாக்கை மடித்து அதன்மேல் ஒரு பழைய சாறியை விரித்துவிட்டால் போதும். மார்கழி மழையில் இது மிக அவசியம். நடை குறைவதால் நகம் தேயாமல் வளர்ந்து சுருண்டு பாதத்தில் குத்தும், அதையும் பார்க்க வேண்டும். சிறு காயமாயினும் ஈ மொய்க்க விடலாகாது. எமது காலநிலையில் ஓரிரு நாளிலேயே புழு வைத்துவிடும்.

இடி முழக்கத்துக்கும் கோயில் திருவிழா வெடிக்கும் ராணி நடுநடுங்கிக் குசினிக்குள் அடுப்படிச் சுவரோடு ஒட்டிக்கொள்ளும். மகளும் சிறுவயதில் அப்படித்தான். வெடிச்சத்தம் கேட்டால் மூலைக்குள் போய்விடுவாள். ஒரு திருவிழா இரவில் இருவரும் அந்தச் சுவரோரத்தில் அருகருகே இருந்ததைக் கண்டேன். மகள் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு, "ஒண்டுமில்லையடி, வாணந்தான் விடுறாங்கள்" என்று ராணியின் காதைப் பொத்தினாள்.

கடியும் விசர்நோயும்

வீதி நாயை வீட்டுக்குள் எடுப்பதில் உள்ள பெரிய பயம் விசர்நாய்க்கடி. பயம் நியாயமானதே. நோயின் அறிகுறி வெளிப்பட்டபின் மனிதரைக் காப்பாற்ற முடியாது என்றே சொல்ல வேண்டும். 1970களில் இலங்கையில் ஆண்டுக்கு 300 பேருக்கு மேல் இந்நோயால் இறந்த காலம் இருந்தது. நாய்களுக்குத் தடுப்பூசி போடத் தொடங்கியதாலும், கடிபட்டவர்களுக்கு அரச வைத்தியசாலைகளில் இலவசமாக ஊசி கிடைப்பதாலும் அந்த எண்ணிக்கை வெகுவாகக் குறைந்துள்ளது. முன்னர் தெருநாய்களைப் பிடித்துக் கொல்வதும் ஒரு வழியாக இருந்தது. 2006 இல் அது நிறுத்தப்பட்டு, தடுப்பூசியும் கருத்தடையும் அரசின் வழியாயின. நாயைக் கொன்றால் அந்த இடத்துக்கு ஊசி போடாத வேறு நாய் வந்து சேரும். ஊசி போட்ட நாய் அங்கேயே இருந்தால் அது ஊருக்கு ஒரு வேலியைப் போன்றது. ஆகவே வயது போன நாய்க்கு ஏன் ஊசி என்று கேட்க வேண்டாம். புதிதாக எடுக்கும் நாய்க்கு எத்தனை வயதாயினும் உடனே தடுப்பூசி போட்டு, அட்டையைப் பத்திரப்படுத்தி, ஆண்டுதோறும் தொடர வேண்டும்.

நாய் கடித்தாலோ, புண்ணுள்ள இடத்தை நக்கினாலோ, ஓடுகின்ற தண்ணீரில் சவர்க்காரம் போட்டு 15 நிமிடம் கழுவ வேண்டும். மஞ்சள், கோப்பித்தூள், எண்ணெய் எதையும் அப்ப வேண்டாம். கழுவிய கையோடு வைத்தியசாலைக்குப் போய்விட வேண்டும். சொந்த நாய்தானே, சின்னக் கீறல்தானே என்று இருந்துவிடக் கூடாது. கீறலுக்கு ஊசி தேவையா என்பதை வைத்தியரே தீர்மானிக்கட்டும். குணம் திடீரென்று மாறி, வாயால் நீர் வடிய, விழுங்க முடியாமல் தடுமாறும் நாய்க்கு அருகில் போகாமல் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு அறிவியுங்கள்.

சத்திரசிகிச்சை

2023 ஆடியில் ராணி சாப்பாட்டை மணந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போனது. அதே நாய் வாளி வாளியாகத் தண்ணீர் குடித்தது. திண்ணையிலேயே சிறுநீர் போனது. வயிறு ஊதியிருந்தது. முதல் நாள் வயது என்று எண்ணினோம். மறுநாள் காலையில் பின்பக்கத்தில் நாற்றத்துடன் நீர் கசிவதை மாமிதான் கண்டுபிடித்தார். "பிள்ளை, இது வயசு இல்லை. பொம்பிளையளுக்கு வாற வருத்தம்" என்றார். ஆறு பிள்ளைப்பேறு பார்த்தவரின் கண்!

கருப்பையில் சீழ் பிடித்திருந்தது. கருத்தடை செய்யாத பெட்டை நாய்களுக்கு வயது ஏறிய பின், வெப்பத்துக்கு வந்து சில வாரங்களின் பின்னர் வரும் வருத்தம் இது. சீழ் உள்ளே தங்கினால் இரத்தம் நஞ்சாகி இரண்டொரு நாட்களில் உயிர் போய்விடலாம். வழி ஒன்றே, கருப்பையை எடுத்துவிட வேண்டும். வயதான நாய்க்கு மயக்க மருந்து ஆபத்து, செய்யாமல் விட்டால் அதைவிட ஆபத்து என்று வைத்தியர் இரண்டையும் வெளிப்படையாகச் சொன்னார். செலவையும் சொன்னார்.

என் கையில் அப்போது இருந்தது மகளின் உயர்தர வகுப்புக்கென ஒதுக்கிய காசு. அதைத் தொட நான் விரும்பவில்லை. நாயைத் திருப்பித் தூக்கிக்கொண்டு போவதற்கும் மனம் வரவில்லை. ஓட்டோவுக்குள் ராணியை மடியில் வைத்திருந்த மாமி கேட்டார்: "என்னவாம்?" சொன்னேன். மாமி சட்டைக்குள் இருந்த சிறு பையை எடுத்தார். அவர் தன் செத்தவீட்டுச் செலவுக்கென்று சீட்டுப் போட்டுச் சேர்த்த காசு.

"மாமி, அது உங்கட..."

"நான் செத்தால் ஊர் எடுக்கும். இதை ஆர் எடுக்கிறது? போய்க் குடு."

எல்லோரும் இப்படிச் செய்ய வேண்டும் என்று எழுதவில்லை. செய்யத்தான் வேண்டும் என்று ஒரு ஏழைப் பெண்ணிடம் சொல்ல யாருக்கும் உரிமையில்லை. வலி தெரியாமல் முடித்துவிடும்படி வைத்தியரிடம் கேட்பதும் பாவமல்ல. கட்டிவைத்துப் பட்டினி போடுவதும் கொண்டுபோய்க் காட்டில் விடுவதுந்தான் பாவம். எங்களுக்கு வாய்ப்பாக அமைந்தது, ராணி பிழைத்தது. பத்து நாட்கள் மாமி அதைத் தன் பாயோடு பாயாக வைத்திருந்தார். தையலை நக்காமலிருக்க வைத்தியர் சொன்னபடி பழைய ரீசேட் ஒன்றைப் போட்டுவிட்டோம். மகனின் பெயரை வீட்டில் எவரிடமும் எடுக்காத மாமி, அந்த நாட்களில் விடிய நாலு மணிக்கு எழும்பி, நாயுடன் அவரைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருப்பார். நான் குசினியில் மா அவித்தபடி கேட்டுக்கொண்டிருப்பேன்.

வீட்டில் எடுக்க முடியாதவர்கள்

எல்லோராலும் நாயை எடுக்க இயலாது. கைக்குழந்தை உள்ள வீடு, வாடகை வீடு, வெளிநாட்டு வேலைக்குப் போக ஆயத்தமாகும் பெண், தானே மருந்தில் இருப்பவர், இவர்கள் எடுக்காமல் இருப்பதே நாய்க்கும் நல்லது. எடுத்துவிட்டு இரண்டாம் தடவை விடுவதைவிட அது மேல்.

எங்கள் மாதர் சங்கத்தில் ஒரு ஏற்பாடு செய்தோம். சந்தையடியில் நிற்கும் மூன்று முதிய நாய்களை எவரும் வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை. அவை அங்கேயே இருக்கின்றன. கிழமைக்கு ஒருவர் முறைவைத்துச் சோறு வைப்பது, கூட்டத்துக்கு வரும்போது விரும்பியவர் 10 ரூபா, 20 ரூபா பேணியில் போடுவது, அந்தக் காசில் உண்ணி மருந்தும் பூச்சி மருந்தும் வாங்குவது, தடுப்பூசி நாளில் ஓட்டோவில் ஒன்றாக ஏற்றிச் செல்வது, இவ்வளவுதான். தொடக்கத்தில் சிரித்தார்கள். காணாமற்போன பிள்ளைக்கு வழி தேட முடியவில்லை, நாய்க்கு உண்டியலோ என்று ஒரு அம்மா கேட்டார். அவரின் கேள்விக்கு எங்களிடம் மறுமொழி இருக்கவில்லை. அவரை வற்புறுத்தவும் இல்லை. சில மாதங்களின் பின் அவரே பழைய பாண் கொண்டுவரத் தொடங்கினார், கேள்வியை மட்டும் விடவில்லை.

வெளிநாடுகளில் இதற்கெனத் தனி அமைப்புகளே உள்ளன. அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரில் ஷெரி பிராங்ளின் என்ற பெண்மணி 2007 இல் ஆரம்பித்த மட்வில் என்னும் அமைப்பு, காப்பகங்களில் எவராலும் எடுக்கப்படாத முதிய நாய்களை மீட்டு வீடு தேடிக் கொடுக்கிறது. முதியவர்களுக்கு முதிய நாய்களைச் சேர்த்துவைப்பது அவர்களின் திட்டங்களில் ஒன்று. தீராத நோயுள்ள நாயை ஒருவர் தம் வீட்டில் வைத்துக் கடைசிக்காலத்தைப் பார்க்க, வைத்தியச் செலவை அமைப்பு ஏற்றுக்கொள்ளும் முறையும் அங்கு உண்டு. அவர்களின் வசதி வேறு, எங்களின் வசதி வேறு. ஆனாலும் செலவை ஒருவரும் பராமரிப்பை ஒருவருமாகப் பங்கிடும் அந்த முறை எங்கள் பேணிக் காசுக்கும் பொருந்துகிறது. புலம்பெயர்ந்த பிள்ளைகள், பெற்றோரின் வீட்டைப் பூட்டும்போது அந்த வீட்டு நாயைப் பார்த்துக்கொள்ளும் அயலவருக்கு மாதாமாதம் ஒரு சிறு தொகை அனுப்பினால், படலையடியில் கிடக்கும் நாய்களில் பாதி அங்கே கிடக்காது.

ராணி 2025 தையில் இறந்தது. இரண்டு நாள் சாப்பிடவில்லை, மூன்றாம் நாள் விடியற்காலையில் மாமியின் காலடியில் கிடந்தபடி போய்விட்டது. கிணற்றிலிருந்து தள்ளி, வேலியோரம் மூன்றரை அடி ஆழத்தில் கிடங்கு வெட்டிச் சுண்ணாம்பு தூவிப் புதைத்தோம். கிடங்கை வெட்டியவர் பக்கத்து வளவு அக்காவின் மகன்.

அக்கா இப்போது சந்தையடி நாய்களில் ஒன்றை, இடது கண் தெரியாத கறுப்புக் கடுவனை, வீட்டுக்கு எடுத்திருக்கிறார். சென்ற முறை தடுப்பூசிக்கு அதைக் கொண்டுபோனபோது வெயிலில் வரிசையில் நின்று மயங்கிவிட்டது. ஆகவே முதிய நாயுடன் போகிறவர்கள் வெயில் ஏறுமுன் போய்விடுங்கள். ஒரு போத்தல் தண்ணீரும் ஒரு சிரட்டையும் கொண்டு செல்லுங்கள். கழுத்துப் பட்டி இல்லாவிட்டால் இறுகாதபடி முடிச்சிட்ட துணிக்கயிறு போதும். ஊசி போடும் நாளையும் இடத்தையும் உங்கள் பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிலோ கிராம சேவையாளரிடமோ முன்னதாகவே கேட்டு வைத்துக்கொள்ளலாம். பழைய அட்டை இருந்தால் அதையும் எடுத்துச் செல்லுங்கள்.